சட்டமும் சக்கரமும்: பழையதைப் பேணுதல் பற்றிய ஓர் அறவியற் சிந்தனை

மனிதன் தான் செய்த பொருள்களுட் சிலவற்றைப் பயன்படுத்தி எறிந்துவிடுகிறான், சிலவற்றைப் பேணுகிறான். பேணப்படும் பொருளும் காலப்போக்கிற் பழுதடையும். பழுதடைந்த உறுப்பை அகற்றிப் புதியதொன்றைப் பொருத்த வேண்டிய நிலை வரும். அவ்வாறு பொருத்திய பின்னர் எஞ்சி நிற்பது பழைய பொருளா, புதிய பொருளா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா வெறுஞ் சொல்விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், அப்பொருளோடு ஒரு மனிதரின் நினைவும் ஒரு சமூகத்தின் உழைப்பும் பிணைந்திருக்கும்போது அது அறவியல் வினாவாகிவிடுகிறது. மலையகத் தோட்டமொன்றில், எங்கள் இல்லத்தில், பழைய துவிச்சக்கர வண்டியொன்றை முன்னிட்டு எழுந்த கருத்து வேறுபாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியும் மேடும்

அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் என் பாட்டனார் தபாற்பை சுமந்தவர். காலையிற் பூட்டிய பையுடன் அஞ்சலகம் சென்று, தோட்டத்துக்குரிய கடிதங்களைப் பெற்றுத் துரையின் அலுவலகத்திற் சேர்ப்பது அவர் கடமை. அதற்கென அவருக்குக் கிடைத்தது நொட்டிங்ஹாம் நகரில் ராலி நிறுவனம் செய்த உருக்கு வண்டி. துரையின் பங்களாவில் எவரோ ஓட்டிப் பழையதாகிய பின்னரே அது அவர் கைக்கு வந்தது. கறுப்புச் சட்டம், கம்பிகளால் இயங்கும் பிறேக், நாரையின் தலை வடிவம் வெட்டப்பட்ட முன்பற்சக்கரம், கியர் இல்லை. பாட்டனார் மறைந்த பின்னர் அவ்வண்டி எங்கள் வீட்டுச் சுவரிற் சாய்ந்தபடி பல்லாண்டுகள் நின்றது. திருநீறு இடப்படாத ஒரு படத்தைப் போன்றே நாங்கள் அதனைக் கருதினோம்.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் துவிச்சக்கர வண்டி இயல்பான ஊர்தி. மலையகத்திலோ அது ஒரு துணிச்சல். அட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவற்றை இணைக்கும் வீதியும், அதிலிருந்து கிளைத்துத் தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளும் ஒரே சீராக ஏறுவனவல்ல. பள்ளத்தாக்கில் இறங்கி மீண்டும் ஏறுவன. கியரற்ற வண்டிக்கு இறக்கத்திற் பிறேக்கும் ஏற்றத்திற் காலுமே துணை.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பேருந்துகள் குறைந்தன. முச்சக்கர வண்டிகள் எரிபொருள் நிலையங்களின் வரிசையில் நின்றன. இரண்டு தோட்டங்களுக்கு அப்பாலுள்ள பாடசாலையிற் கற்பிக்கும் என் தமையனார், சுவரிற் சாய்ந்திருந்த வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தார். ஒரு வாரம் முயன்றார். ஏற்றங்களில் அது அவரைத் தோற்கடித்தது. பழைய வண்டிக்குக் கியர் பொருத்துவதென்று அவர் முடிவு செய்தபோது எந்தையார் மறுத்தார். “அவர் மிதித்த வண்டி அது, அதை அறுத்துக் கொத்தி வேறு வண்டியாக்க வேண்டாம்” என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் தந்தைமீது ஒரு மகன் கொண்ட பற்று இருந்தது. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இயந்திரம் சொல்லும் உண்மை

இவ்விடத்தில், கியர் என்பது யாது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பழைய வண்டியின் முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தன. மிதியை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 6 மீற்றர் முன்னேறும். சமதரைக்கு இது பொருத்தமான அளவு. ஏற்றத்திலோ அந்த 6 மீற்றருக்குமுரிய உயரத்தை ஒரே சுற்றில் உடல் தாங்கியாக வேண்டும். மிதிச்சுற்றொன்றுக்குரிய தூரத்தை 3½ மீற்றராகக் குறைத்தால் வேண்டப்படும் விசை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். ஆனால், அதே மேட்டை ஏறுவதற்குச் சுற்றுகள் அதே விகிதத்திற் கூடும். அதாவது, மலையின் உயரத்தையோ அதனை ஏறுவதற்குரிய வேலையையோ கியர் குறைப்பதில்லை. அவ்வேலையை மனித உடல் தாங்கத்தக்க சிறு பங்குகளாகப் பகிர்ந்து தருவதே அதன் பணி. உழைப்பிலிருந்து தப்புவதற்கான தந்திரம் கியர் என்று கருதுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று.

இத்தவறான கருத்து எந்தையாருக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற துவிச்சக்கர வண்டிப் போட்டியை 1903இல் தொடக்கிய ஆன்றி டெகிராஞ்ச், பலகியர் வண்டிகளை இளமை தளர்ந்தோருக்கு உரியனவாகவே கருதினார். வென்றது தசையா, பொறியா என்ற ஐயம் எழக்கூடாது என்பது அவர் கொள்கை. அப்போட்டியில் 1937ஆம் ஆண்டு வரை சங்கிலியை இடமாற்றும் கியர்க் கருவிக்கு இடமளிக்கப்படவில்லை. ஆல்ப்சு மலைகளின் உச்சியில் வீரர்கள் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறத்துப் பற்சக்கரம் சங்கிலிக்கு வரும்படி திருப்பிப் பூட்டினர். போட்டியில் இடரைத் தாமே தேடி ஏற்போருக்கு அவ்விதி பொருந்தலாம். அஞ்சற்பை சுமப்பவருக்கும் பாடசாலை மணிக்கு முன் வகுப்பறையை அடைய வேண்டியவருக்கும் அது பொருந்துமா?

எங்கள் இல்லத்து வழக்கைத் தீர்த்தவர் பாட்டியார். முற்றத்தில் அமர்ந்து இருவர் வாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவர் எந்தையாரை நோக்கிச் சொன்னார்: “அந்த ஏத்தத்துல அவரு என்னிக்குப்பா மிதிச்சுப் போனாரு? கையால தள்ளிக்கிட்டுத்தானே போனாரு. மழையில பையை நனையவிடாம சாக்குல சுத்திக்கிட்டுத் தள்ளுவாரு. ஒரு நாளைக்காவது அதுல ஏறி மேல போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

எந்தையார் நெடுநேரம் பேசவில்லை. மேட்டை மிதித்து ஏறும் தந்தையாரின் உருவம் அவர் உள்ளத்தில் நாளடைவில் உருவாகிய ஓவியமே என்பதும், உண்மையில் அவர் வண்டியைச் சுமையோடு சுமையாகத் தள்ளிச் சென்றவர் என்பதும் அன்று தெளிவாயின. நாம் பேண விரும்பியது பாட்டனாரின் வண்டியையா, அவருடைய வருத்தத்தையா? வருந்தியவர் அவ்வருத்தத்தை விரும்பவில்லை. மாற்ற முடியாமையினாற் பொறுத்துக்கொண்டார். பொறுமையைப் போற்றுதல் வேறு. பொறுக்க வைத்த குறையைப் போற்றுதல் வேறு. இவ்விரண்டையும் மயக்குதல், மூத்தோரை மதிப்பதுபோற் காட்டி அவர்தம் விருப்பத்தை மறுப்பதாக முடியும்.

எது அதே பொருள்?

எனினும், பொருளின் தன்மை பற்றிய வினா இன்னும் தீரவில்லை. கிரேக்க அறிஞர் புளூட்டாக், தீசியசு என்னும் வீரனின் கப்பலைப் பற்றி எழுதியுள்ளார். ஏதென்சு நகரத்தார் அக்கப்பலைப் பேணும்போது, உக்கிய பலகைகளை அகற்றிப் புதியனவற்றை இட்டனர். அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று மெய்யியலார் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் தோமசு ஹொப்சு இவ்வாதத்தை மேலுஞ் சிக்கலாக்கினார். அகற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே முன்னைய ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல் என்று அவர் வினவினார்.

கிரேக்கத்துக்குச் செல்லாமலே, நம் நாட்டுப் பௌத்த மரபில் மதித்துக் கற்கப்படும் மிலிந்த பஞ்ஞ என்னும் பாளி நூலிலும் இச்சிந்தனையைக் காணலாம். தேரிலே வந்திறங்கிய மிலிந்த மன்னனை நாகசேனர் என்னும் துறவி, அச்சு தேரா, சக்கரம் தேரா, சட்டம் தேரா என ஒவ்வொன்றாக வினவிச் செல்கிறார். எவ்வுறுப்பும் தேரன்று, உறுப்புகளுக்குப் புறம்பாகவும் தேர் இல்லை. உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடலிற் பெறப்படும் கருத்து.

சைவர்களாகிய நாம் இவ்வினாவை வாதத்தால் மட்டுமன்றி வழிபாட்டினாலும் எதிர்கொண்டுள்ளோம். கோயில் பழுதுற்றபோது திருப்பணி செய்தலை ஆகமங்கள் விலக்கவில்லை. திருப்பணிக்கு முன் பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைத் தற்காலிகமாக அங்கே எழுந்தருளச் செய்கிறோம். பழுது நீங்கியபின் குடமுழுக்கு நிகழ்கிறது. கல் மாறலாம், சுதை மாறலாம், தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தகரக்கூரை ஓட்டுக்கூரையாகலாம். அதே அம்மன் கோயில் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அங்கே தொடர்ச்சியைத் தருவது வழிபாடு. அதாவது, அப்பொருள் எதற்காக உள்ளதோ அப்பயன் அறாமை. இக்கருத்தை வண்டிக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒருவரைச் சுமந்து வழி கடத்தற்பொருட்டுச் செய்யப்பட்டதே வண்டி. சுவரிற் சாய்ந்து நின்ற காலத்தில் அதன் உறுப்புகள் அனைத்தும் பழையனவாகவே இருந்தன. ஆயினும் அப்போது அது வண்டியாக இருக்கவில்லை.

மேலும், முழுவதும் பழையது என நாம் நம்பிய வண்டியும் உண்மையில் அத்தகையதன்று. ரயர்கள் பலமுறை மாற்றப்பட்டவை. இருக்கை பாட்டனார் அட்டனில் வாங்கியது. மிதிகளில் ஒன்று அவரே செதுக்கிய மரக்கட்டை. முழுத் தூய்மையுடைய பழைமை என்பது பயன்பட்ட பொருளிடத்து இருப்பது அரிது. அப்பொருளைச் செய்த நிறுவனத்தின் கதையும் அத்தகையதே. ராலி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நொட்டிங்ஹாமில் அதன் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அந்நகரிலேயே கியர் செய்து புகழ்பெற்ற ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தாய்வான் நாட்டு நிறுவனமொன்றின் கைக்கு மாறியது.

திருத்தும் முறையும் அறமும்

மாற்றம் ஆகும் என்று கொண்டபின், எவ்வாறு மாற்றுவது என்னும் வினா எழுகிறது. இங்கேதான் எந்தையாரின் மறுப்பிலிருந்த உண்மை பயன் தந்தது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் வழக்கில் ‘ஸ்டோர்’ எனப்படும் அத்தொழிற்சாலைகளில் முற்காலத்தே கூரையருகில் நீண்ட சுழல்தண்டொன்று ஓடியது. நீர்ச்சுழலியோ எண்ணெய் எந்திரமோ அதனைச் சுழற்றியது. அதிலிருந்து இறங்கிய பட்டிகள் கொழுந்தை உருட்டும் இயந்திரங்களை இயக்கின. பின்னர் மின்மோட்டார்கள் வந்தன. வார்ப்பிரும்பாலும் பித்தளையாலும் ஆன பழைய உருட்டு இயந்திரங்களுக்குப் புதிய மோட்டார்களைப் பொருத்தும் வேலையில் எந்தையாரும் பங்குகொண்டவர். பழைய உடலுக்குப் புதிய இயக்கம் தருவது அவருக்குப் புதிய செய்தியன்று.

தமையனார் முதலில் எண்ணியது, சங்கிலி பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் தாவும் ஏழு கியர்த் தொகுதி. எந்தையார் சட்டத்தை அளந்தார். பழைய வண்டியின் பின்கவைகளுக்கிடையே உள்ள வெளி ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். ஏழு கியர்ச் சக்கரத்துக்கோ அதனினும் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் மிகுதியாக வேண்டும். சங்கிலியைத் தாவச் செய்யும் கருவியை மாட்டுவதற்கும் அச்சட்டத்தில் இடமில்லை. பழைய பின்விளிம்பில் 40 ஆரைக்கம்பித் துளைகள். இக்காலத்துக் குடங்களிற் பெரும்பாலும் 36. இவ்வாறு ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்பின் மாற்றத்தை வேண்டி நிற்க, ஈற்றிற் பழைய வண்டியில் எஞ்சுவது யாது என்று அவர் கேட்டார். அக்கேள்வி நியாயமானது.

வழி வேறிடத்திற் கிடைத்தது. யப்பானிலிருந்து பயன்படுத்திய நிலையில் நம் நாட்டுக்கு வந்து விற்பனையாகும் வண்டிகள் பலவற்றில், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று கியர்கள் அடங்கியிருக்கும். அவ்வகைச் சக்கரமொன்றின் விளிம்பு, பழைய விளிம்பினின்றும் விட்டத்தில் ஐந்து மில்லிமீற்றரே குறைந்தது. சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓடுவதால் நாரைத் தலையுள்ள முன்பற்சக்கரத்தை அகற்ற வேண்டியதில்லை. பின்பிறேக் சக்கரத்தின் குடத்திலேயே அமைந்திருந்தது. அதன் தாங்குகையைச் சட்டத்தின் குழாயில் ஒரு பட்டியாற் கட்டினாற் போதும், துளையிட வேண்டாம். மழையில் நனைந்த உருக்கு விளிம்பைப் பற்றமாட்டாது வழுக்கும் பழைய பின்பிறேக்கினும் இது நம்பத்தக்கது. ஏறும் ஆற்றலைக் கூட்டுபவன் இறங்கும்போது நிற்கும் ஆற்றலையும் எண்ணியாக வேண்டும் என்பது எந்தையாரின் கண்டிப்பு.

பின்கவைகளை மட்டுஞ் சிறிது விரிக்க வேண்டியிருந்தது. ஒரு திருகுதண்டையும் இரு சுரைகளையும் கொண்டு, சூடாக்காமல், எந்தையாரே அவற்றை மெல்ல விரித்தார். முன்குழாயிலிருந்து ஒரு நூலைப் பின்கவைகள் இரண்டையும் சுற்றி இழுத்துக் கட்டி, நடுக்குழாயினின்றும் நூலின் இருபுறத் தூரமும் சமமா என்று மீண்டும் மீண்டும் அளந்தார். உருக்கு இத்தகைய திருத்தத்தைப் பொறுக்கும். மென்மையாக வளைத்தால் வளைந்த நிலையில் நிற்கும். வேண்டும்போது பழைய நிலைக்கும் மீளும். அலுமினியக் கலப்புச் சட்டத்தை இவ்வாறு வளைத்தால் வெடிக்கும். எனவே, எவ்வளவு மாற்றலாம் என்பதை மாற்றுபவனின் விருப்பம் மட்டுமன்றி, மாற்றப்படும் பொருளின் இயல்பும் தீர்மானிக்கிறது. அவ்வியல்பை முதலில் அறிவதே திருத்துபவனின் ஒழுக்கம்.

கழற்றிய பழைய சக்கரத்தையும் சங்கிலியையும் பிறேக் கம்பிகளையும் எந்தையார் எண்ணெய் பூசிச் சாக்கிலிட்டுப் பரணில் வைத்தார். ஹொப்சு கற்பனை செய்த இரண்டாவது கப்பல் இவ்வாறு எங்கள் பரணில் உறங்குகிறது. அது பாட்டனாரின் வண்டியன்று. அவ்வண்டி வீதியில் ஓடுகிறது. ஆயினும், நாம் செய்தது பிழையெனப் பின்வருவோர் கருதினால் அதனை மீட்டுக்கொள்ளும் உரிமையை அச்சாக்கு அவர்களுக்கு வழங்குகிறது. மீளத்தக்க மாற்றமே அடக்கமுள்ள மாற்றம்.

சொல்லின் மறுபொருள்

இதுவரை சட்டத்தைப் பேணி உறுப்புகளை மாற்றுவது பற்றிக் கூறினோம். ஆனால் ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் மறுபொருளும் உண்டு. மலையகத்து வாழ்க்கையை நோக்கும்போது அப்பொருள் நினைவுக்கு வராமற் போகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் பிற ஏற்பாடுகளும் வந்து, 2003ஆம் ஆண்டின் சட்டத்துடன் அக்குறை பெருமளவு நீங்கியது. தோட்டங்களின் உடைமையும் மாறியது: 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அவை அரசுடைமையாயின, 1992இல் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய வீட்டுத்திட்டங்கள் சில எழுந்தன. இருப்பினும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக அமைந்த லயங்களில் இன்னும் பலர் வாழ்கின்றனர். குடியிருக்கும் நிலம் தமதன்று என்னும் நிலை பலருக்கு நீடிக்கிறது. துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது, இயந்திரம் மாறியது. உழைப்பவருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு என்னும் சட்டம் எவ்வளவு மாறியது? உறுப்புகள் புதியன என்பதால் பொருள் புதிதாகிவிட்டது என்று கூறுவோருக்கு வண்டி தரும் பாடம் இதுவே: சட்டம் பழையதாயின் பொருளும் பழையதே.

பேணுதல் என்னும் பெயரில் நிகழும் இன்னொன்றையும் கருதலாம். கந்தப்பளையில் ஹெதர்செற் என்னும் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் விருந்தினர் விடுதியாக்கப்பட்டது. கட்டடத்தின் தோற்றமும் பழைய இயந்திரங்களிற் சிலவும் அங்கே கவனமாகப் பேணப்பட்டுள்ளன. இடிந்து அழிந்திருக்க வேண்டிய கட்டடம் நிலைத்தது நன்றே. ஆயினும், அங்கே எஞ்சுவது உருவம், பயன் வேறாகிவிட்டது. பொருளை அவ்வாறு காட்சியாக்கலாம். மனிதரைக் காட்சியாக்குதல் ஆகாது. முதுகிற் கூடையுடன் நிற்கும் பெண்ணின் படத்தைத் தேயிலைப் பெட்டியிற் கண்டு மகிழ்வோர், அக்கூடையின் சுமை குறைவதைக் கண்டு அழகு குன்றியதென வருந்துவாராயின், அவ்வருத்தம் எங்கள் முற்றத்தில் எழுந்த அதே மயக்கத்தின் பாற்பட்டதே.

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிவுகள் மூன்று. முதலாவது, ஒரு மாற்றம் பொருளின் பயனையும் அதனைப் பயன்படுத்துபவரின் நலனையும் முன்னிட்டதாக இருத்தல் வேண்டும். பொருளின் தூய்மைக்காக மனிதர் வருந்துதல் முறையன்று. இரண்டாவது, மாற்றுபவர் பொருளின் இயல்பை அறிந்து, மீளமுடியாத ஊறு செய்யாது, பின்வருவோருக்கு வழிவிட்டு மாற்றுதல் வேண்டும். மூன்றாவது, எதனை மாற்றினோம், எதனை மாற்றவில்லை என்பதை மறையாது கூறுதல் வேண்டும். புதிய உறுப்பைக் காட்டிப் பழைய சட்டத்தை மறைத்தல் பொய்யின்பாற்படும். நன்னூலாசிரியரும் பழையன மறைவதையும் புதியன வருவதையும் காலத்தின் இயல்பெனக் கொண்டு, குற்றமென்னாது விட்டார். எதனை விடுவது, எதனைக் கொள்வது என்று தேரும் பொறுப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் உரியது.

எரிபொருள் தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் தமையனார் அவ்வண்டியிலேயே பாடசாலை செல்கிறார். தபாற்பை தொங்கிய இடத்தில் இப்போது மாணவரின் பயிற்சிப் புத்தகங்கள் தொங்குகின்றன. முதன்முதலாக அவர் இறங்காமல் அந்த மேட்டை ஏறிய காலையில், வீட்டு வாயிலில் நின்று பார்த்த எந்தையார், வளைவில் வண்டி மறையும் வரை அசையாது நின்றார். பின்னர் உள்ளே சென்று பாட்டியாரிடம், “அப்பா ஏறிட்டாரும்மா” என்றார்.